குலதெய்வக் கோயில் வரைக்கும்: குடும்ப எஸ்யூவியை மண் பாதையில் ஓட்ட ஒரு முழு வழிகாட்டி

பங்குனி உத்திரத்தன்று திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காடு என்கிற செம்மணல் காட்டுக்குள் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். சாஸ்தா கோயில்களுக்கு வேனும் காரும் வரிசையாக வரும். தார் ரோடு முடிகிற இடத்தில் பாதி வண்டிகள் நின்றுவிடும், மீதி உள்ளே போகும். சில வருடங்களுக்கு முன் நானும் உள்ளே போனேன். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே என்ற தைரியம். முன்னால் மனைவி, பின் சீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும், டிக்கி நிறைய பொங்கல் சாமான்.

இருநூறு மீட்டர் போயிருப்போம். ஸ்டீயரிங் லேசாகி, வண்டி தயங்கியது. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பத்து வினாடிக்குள் சிவப்பு மணல் சக்கரத்தின் பாதிக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிதிக்காதீங்க தம்பி, மிதிக்க மிதிக்க எறங்கும். டயர்ல காத்தக் கொறைங்க. வேன்காரங்க அப்பிடித்தான் போறாங்க." சக்கரத்தைச் சுற்றி மணலைத் தோண்டினோம், நான்கு டயரிலும் காற்றை இறக்கினோம், ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்தேன். வண்டி வெளியே வந்துவிட்டது. அதே வண்டி, அதே மணல், அதே ஆட்கள். மாறியது காற்றும் என் வலது காலும்தான்.

அதற்கப்புறம் கோயில், தோட்டம், ஏரிக்கரை என்று எங்கள் குடும்பம் போகாத மண் பாதை குறைவு. சாகசம் செய்ய நினைப்பவர்களுக்காக இதை நான் எழுதவில்லை. தார் முடிந்த பிறகும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டிய குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். அதற்குத்தான் இது.

முதலில், உங்கள் வண்டி எப்படி வேலை செய்கிறது

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், பழைய டஸ்டர், எக்ஸ்யூவி 700 போன்றவற்றின் ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கர இழுவை) மாடல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். நல்ல ரோட்டில் பெரும்பாலும் முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும். முன் சக்கரம் வழுக்கினாலோ, வழுக்கும் என்று கம்ப்யூட்டர் கணித்தாலோ, பின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிளட்ச் இறுகி, பின் சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில் இருப்பதுபோல் 'லோ' கியர் இவற்றில் கிடையாது. ஆமை வேகத்தில் பாறை மேல் ஏற அவற்றால் முடியும், நம் வண்டியால் முடியாது.

இதனால் நடைமுறையில் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, அந்தப் பின்பக்கக் கிளட்ச் தொடர்ந்து வழுக்கினால் சூடாகும். மணலில் விடாமல் சக்கரத்தைச் சுழற்றினால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு வரும், வண்டி முன் சக்கர வண்டியாகவே மாறிவிடும். அப்படி வந்தால் நிறுத்திவிட்டு, விளக்கு அணையும்வரை ஆறவிடுங்கள். இரண்டு, நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும். நிறுத்தவோ வளைவில் பிடித்துக்கொள்ளவோ அது உதவாது. சரளையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் ஆல் வீல் டிரைவும் சாதாரண ஹேட்ச்பேக்கும் ஒரே மாதிரிதான் வழுக்கும்.

பல வண்டிகளில் 'லாக்' என்றொரு பொத்தானோ திருகோ இருக்கும். அது முன்னும் பின்னும் விசையைச் சேர்த்தே வைத்திருக்கும். அதைச் சிக்கிய பிறகு தேடாதீர்கள், மணல் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள்.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. சக்கரம் சுழன்றால் அது இன்ஜின் விசையைக் குறைக்கும். ஆழமான மணலில் இதுவே வண்டியை நிறுத்திவிடும், எனவே அங்கே அதை அணைக்க வேண்டும். மேடு பள்ளத்தில் கதையே வேறு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு விசையை அனுப்புவதும் இதே அமைப்புதான். அங்கே அதை அணைக்காதீர்கள். 'டகடக' என்று கீழே ஒரு சத்தம் கேட்கும். பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் அதே அழுத்தத்தில் இரண்டு வினாடி வைத்திருங்கள், வண்டி தானாக நகரும்.

வீட்டிலேயே அளந்து பாருங்கள்

தரையிலிருந்து வண்டியின் வயிறு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். கிராண்ட் விட்டாராவுக்கும் டஸ்டருக்கும் 210 மில்லிமீட்டர் என்று சொல்வார்கள். அது ஆள் ஏறாத வண்டியின் கணக்கு. ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியையும் நிரப்பினால் பின்பக்கம் நன்றாகவே தாழ்ந்துவிடும். எல்லோரையும் உட்காரவைத்து, குனிந்து, கீழே எது தாழ்வாகத் தொங்குகிறது என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். எனக்கு ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. அன்றிலிருந்து பாதையில் கல்லைப் பார்த்தால் இறங்கிச் சாண் வைத்துப் பார்த்துவிடுவேன். சாண் உயரம் இருந்தால் அந்தக் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடக் கூடாது. சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றி இறக்குவது நல்லது, இல்லையென்றால் கல்லை நகர்த்திவிடுங்கள்.

டிராக்டர் போய்ப் போய் ஆழமான இரட்டைத் தடம் விழுந்த பாதைகளில் நடுவே மேடு இருக்கும். நம் வண்டிக்கு ஆபத்தே அந்த நடு மேடுதான். அங்கே தடத்துக்குள் சக்கரத்தை விடாமல், ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் மறுபக்கச் சக்கரத்தை ஓரத்திலும் வைத்து ஓட்டுங்கள்.

இன்ஜினுக்கு அடியில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்கா இரும்புத் தகடா என்பதையும் பாருங்கள். அடிக்கடி போவதாக இருந்தால் தகடு போடுவது நல்ல செலவு. நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். சுற்றளவு மாறினால் பின்பக்கக் கிளட்ச் எந்நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிக டயராக இருந்தால், அதை வைத்து மண் பாதையில் தொடராதீர்கள். பஞ்சர் கடை வரைக்கும்தான் அது.

டிக்கியில் இருக்க வேண்டியவை

விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். நான் வைத்திருப்பது இவ்வளவுதான்:

- காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், 12 வோல்ட் கம்ப்ரசர்
- டியூப்லெஸ் பஞ்சர் கிட்
- கைப்பிடி குட்டையான மண்வெட்டி
- ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடி சதுரப் பலகை
- நான்கு சணல் சாக்கு
- நல்ல நைலான் பெல்ட், டி வடிவக் கொக்கிகள் இரண்டு
- பத்து லிட்டர் குடிதண்ணீர், டார்ச், முதலுதவிப் பெட்டி

பலகையை அலட்சியப்படுத்தாதீர்கள். மண்ணில் ஜாக்கியை ஏற்றினால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். கனமான சாமானை மேலே கேரியரில் கட்டாதீர்கள், கீழே டிக்கித் தரையில் வையுங்கள். தண்ணீர்க் குடமும் பித்தளைப் பானையும் குலுங்கலில் பிள்ளைகள் தலைக்கு வந்துவிடும், கயிறு போட்டுக் கட்டுங்கள். மெதுவாகத்தானே போகிறோம் என்று சீட் பெல்ட்டைக் கழற்றுவதும் வேண்டாம். மேடு பள்ளத்தில் பக்கவாட்டுக் கண்ணாடியில் மண்டை மோதுவதைத் தடுப்பது அதுதான்.

காற்றை இறக்குவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

33 பிஎஸ்ஐ காற்று இருக்கும் டயர் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு இடத்தில்தான். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பகுதி நீளமாகிறது. அகலத்தைவிட நீளம்தான் அதிகம் கூடும். பாதி அழுத்தத்துக்குக் குறைத்தால் தொடும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதே எடை இரண்டு மடங்கு இடத்தில் பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலேயே உருண்டு போகிறது. வயலில் வெறுங்காலோடு நடப்பவருக்கும் குதிகால் செருப்போடு நடப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

செய்யும் முறை இது. தார் முடியும் இடத்தில் சமதளத்தில் நிறுத்துங்கள். டயர் சூடாக இருந்தால் கேஜ் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைக் கணக்கில் வையுங்கள். வால்வு மூடியைக் கழற்றிப் பத்திரமாகப் பையில் போடுங்கள். நடு ஊசியைச் சாவி முனையால் அழுத்திப் பிடித்தால் காற்று இறங்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேஜ் வைத்துப் பாருங்கள். கல்லும் சரளையும் நிறைந்த பாதைக்கு 26 பிஎஸ்ஐ போதும். வண்டி குலுங்குவது குறையும், பெரியவர்களின் இடுப்புக்கு அதுவே பெரிய உதவி. தளர்ந்த மணலுக்கு 18 முதல் 20. பக்கச் சுவர் குட்டையான குடும்ப எஸ்யூவி டயரில் 18-க்குக் கீழே நான் போவதில்லை. திருப்பத்தில் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

காற்று குறைந்த டயருக்கென்று ஒழுக்கம் இருக்கிறது. 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்க வேண்டாம். டயர் பக்கவாட்டில் பிதுங்கி நிற்பதால் கல்லும் முள்ளும் பக்கச் சுவரில்தான் படும். மீட்டரில் டயர் அழுத்த விளக்கு எரியும், எரியட்டும். திரும்பி வந்து தாரைத் தொட்ட உடனே காற்றை நிரப்பிவிடுங்கள். காற்றில்லாத டயரோடு நெடுஞ்சாலையில் ஓடினால் டயர் சூடாகி வெடிக்கும். கம்ப்ரசர் ஓடும்போது இன்ஜினையும் ஓடவிடுங்கள், பேட்டரி இறங்காது. ஒரு டயருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் புளியோதரைப் பொட்டலம் பிரிப்பார்கள்.

மண்ணுக்கு மண் ஓட்டம் மாறும்

எந்த மண்ணாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: சந்தேகம் வந்த இடத்தில் இறங்கி நடந்து பாருங்கள். நடக்க முடியாத இடத்தில் ஓட்டவும் முடியாது. நடந்து பார்க்கச் சோம்பல்பட்டுச் சிக்கிய வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தேரி மணல்: காற்று கொண்டுவந்து குவித்த மணல் இது. இரும்பு ஆக்சைடு படிந்த சிவப்பு. ஆனி, ஆடிக் காற்றில் இடம் மாறும் என்பதால் போன வருடம் போன பாதை இந்த வருடம் இருக்காது. விடியற்காலையில் ஈரம் காயும் முன் மணல் இறுக்கமாக இருக்கும், மதியம் காய்ந்து பொலபொலவென்று ஆகிவிடும். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுவது வண்டிக்கும் நல்லது. மணலில் ஒரே சீரான வேகம் வேண்டும். இரண்டாம் கியரில் 20 கிலோமீட்டர் அளவில், நடுவில் நிற்காமல், கியர் மாற்றாமல் போங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாம் கியரைப் பிடித்துவைக்கலாம். நிறுத்த வேண்டுமென்றால் பிரேக் அடிக்காதீர்கள், காலை எடுத்தால் மணலே நிறுத்தும். பிரேக் அடித்தால் முன் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே தடுப்புச் சுவராகும். நிறுத்துவதும் இறக்கத்தைப் பார்த்தபடியே இருக்கட்டும். முன்னால் போன வண்டியின் தடத்திலேயே போங்கள்.

இன்னொன்று, பனங்காட்டுப் பாதையில் கீழே கிடக்கும் மட்டையைக் கவனியுங்கள். மட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் கருக்கு ரம்பம் மாதிரி. காற்று இறக்கிய டயரின் பக்கச் சுவரை அது கிழித்தால் ஒட்டுப் போட முடியாது. மணலில் பாதி புதைந்த பனந்தூரும் அப்படித்தான். ஓரத்து உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் டயரில் ஏறினால், காற்று இறங்காதவரை அங்கேயே பிடுங்காதீர்கள். பல நேரம் முள்ளே அடைப்பாக இருக்கும், பிடுங்கினால்தான் பஞ்சர். வீட்டுக்கு வந்து கடையில் காட்டுங்கள்.

கரிசல்: கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கறுப்பு மண். கோடையில் வெடித்துக் கிடக்கும்போது சிமெண்டுத் தரை மாதிரி ஓட்டலாம். வெடிப்பில் சக்கரம் விழாமல் பார்த்தால் போதும். மழை பெய்துவிட்டால் இந்த மண்ணோடு போட்டி போடாதீர்கள். தண்ணீரை உறிஞ்சி உப்பி, களிமண்ணாகப் பிசுபிசுக்கும். டயர் பட்டனெல்லாம் அடைபட்டு, சக்கரம் எண்ணெய் தடவிய உருளை மாதிரி ஆகிவிடும். நான்கு சக்கர இழுவை இருந்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான். காற்றை இறக்கினாலும் பெரிதாகப் பலன் இல்லை. கால் செருப்பில் மண் ஒட்டி ஒட்டிக் கனமாகிறதா என்று பத்தடி நடந்து பாருங்கள். ஒட்டினால் வண்டியை தார் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய்விடுங்கள். நல்ல வெயில் இரண்டு நாள் அடித்தால் திரும்பவும் ஓட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் காட்டுக் கோயிலுக்குப் போவதென்றால் முந்தின நாள் அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு போன் போட்டு மழை எப்படி என்று கேளுங்கள்.

செம்மண் சரளை: பார்க்க நல்ல பாதை மாதிரி தெரியும், அதுதான் சிக்கல். இறுகிய தரைக்கு மேல் உருளும் கூழாங்கல். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் இல்லாமல் திருப்புங்கள்.

டெல்டாவின் வயல் வரப்பு ஒட்டிய பாதைகளைப் பற்றி ஒரே வரிதான்: ஓரம் எப்போதும் ஈரம், எதிரே டிராக்டர் வந்தால் நீங்கள் ஒதுங்காதீர்கள், கெட்டியான இடம் பார்த்து ரிவர்ஸ் எடுங்கள்.

கரை ஏறுவதும் இறங்குவதும்

ஏரிக்கரை, குளத்தங்கரை ஏற்றங்களில் செங்குத்தாக நேரே ஏற வேண்டும். சரிவில் குறுக்காக ஏறினால் வண்டி பக்கவாட்டில் புரளும் ஆபத்து உண்டு, குடும்பத்தை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம். ஏறும் முன் ஒருவர் மேலே நடந்து போய் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். கரை உச்சியில் பானெட் வானத்தைப் பார்த்து நிற்கும், முன்னால் எதுவும் தெரியாது. கரை கூம்பாக இருந்தால் உச்சியில் வயிறு தட்டி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றுவிடும்.

முதல் கியரில் தொடங்கி அதிலேயே ஏறுங்கள். பாதி வழியில் நின்றுவிட்டால் அங்கே வண்டியைத் திருப்பவே கூடாது. பிரேக்கை மிதித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, ஸ்டீயரிங் நேராக இருக்க, ஏறிய தடத்திலேயே பின்னால் இறங்குங்கள். நியூட்ரலிலும் கிளட்சை மிதித்தபடியும் இறங்கக் கூடாது. இதை ஆபத்தில்லாத ஒரு சின்னச் சரிவில் முன்கூட்டியே இரண்டு மூன்று தடவை பழகிக்கொள்ளுங்கள். பயந்த நேரத்தில் கை தானாகச் சரியானதைச் செய்யும்.

இறங்கும்போது முதல் கியரில் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். ஹில் டிசென்ட் கண்ட்ரோல் இருந்தால் அழுத்திவிட்டு இரண்டு காலையும் எடுத்துவிடுங்கள். தானாகப் பிரேக் போட்டுப் போட்டு இறக்கும், அந்தச் சத்தம் கரகரவென்றுதான் இருக்கும். ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல் வளையத்துக்கு உள்ளே மாட்டியிருக்க வேண்டாம், வெளியே விளிம்பின் மேல் இருக்கட்டும். கல்லில் சக்கரம் மோதி ஸ்டீயரிங் திடீரென்று சுழன்றால் விரல் சுளுக்கிக்கொள்ளும்.

தண்ணீர்

ஓடும் தண்ணீரில் குடும்பத்தோடு இறங்காதீர்கள். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போனால் திரும்பிவிடுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர் சின்னக் காரை நகர்த்திவிடும், 60 சென்டிமீட்டர் இருந்தால் எஸ்யூவியையும் தூக்கிக்கொண்டு போகும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தேங்கி நிற்கும் நீர் வேறு. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடந்து பாருங்கள். 17 அங்குலச் சக்கரமுள்ள வண்டியில் சக்கரத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் உயரம். அதுதான் கடைசி எல்லை, கெண்டைக்காலோடு நிற்க வேண்டும். முழங்காலைத் தொட்டால் போகக் கூடாது. அடியில் சேறா கல்லா என்று காலுக்குத் தெரியும். இறங்கினால் முதல் கியரில், நடக்கிற வேகத்தில், முன்னால் சிறிய அலை ஒன்று போகிற மாதிரி சீராகப் போங்கள். வேகமாகப் பாய்ந்தால் தண்ணீர் பானெட் மேல் ஏறி, ஏர் பில்டர் வழியாக இன்ஜினுக்குள் போகும்.

தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். இப்படி ஆன சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்காது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாக நான்கைந்து தடவை மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

சிக்கிவிட்டால்

சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியே காலை எடுங்கள். அதற்குப் பிறகு மிதிக்கும் ஒவ்வொரு வினாடியும் அரை மணி நேர மண்வெட்டி வேலை. இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்குங்கள். நான்கு பேர் இறங்கினாலே வண்டி 250 கிலோ லேசாகும். பிள்ளைகளைத் தூரத்தில் நிழலில் உட்காரவையுங்கள்.

1. வயிறு மண்ணில் படிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். படிந்திருந்தால் முதலில் வயிற்றுக்கு அடியில் இருக்கும் மண்ணை எடுக்க வேண்டும், சக்கரத்தைச் சுற்றி இருப்பதை அல்ல. வண்டியின் எடை மண்ணில் உட்கார்ந்திருக்கும்வரை சக்கரத்துக்குப் பிடிப்பே வராது.
2. போக நினைக்கும் திசையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சரிவாக ஒரு பாதை வெட்டுங்கள். பெரும்பாலும் பின்பக்கம்தான் நல்ல வழி, வந்த தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும்.
3. காற்று 20-க்கு மேல் இருந்தால் 18-க்கு இறக்குங்கள்.
4. சக்கரத்தின் அடியில் சாக்கைச் செருகுங்கள். பனை ஓலையோ தென்னை ஓலையோ கிடைத்தால் அதுவும் நல்லது, கருக்கு மட்டையை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள். ஈரச் சாக்கு இன்னும் நன்றாகப் பிடிக்கும்.
5. ஸ்டீயரிங் நேராக, ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி எடுங்கள். சக்கரத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, சாக்கு தெறித்து வரும்.

இரண்டு முறை முயன்றும் வரவில்லையென்றால் டிராக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் டிராக்டர் வந்ததும்தான் கவனம் அதிகம் வேண்டும். டிக்கிக்குள் ஜாக்கியோடு ஒரு திருகுக் கொக்கி இருக்கும், பம்பரில் சின்ன மூடியைத் திறந்து அதை முழுவதும் இறுகும்வரை திருக வேண்டும். சில வண்டிகளில் அது இடப்பக்கம் திருகினால்தான் ஏறும். அந்தக் கொக்கி நேர்கோட்டில் மெதுவாக இழுக்க மட்டுமே. கயிற்றைத் தளர்வாக விட்டு வெடுக்கென்று இழுத்தால் கொக்கி முறிந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். உலகெங்கும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. டிராக்டர்காரரிடம் முன்பே சொல்லுங்கள்: "அண்ணே, கயிறு முதல்ல விறைக்கட்டும், அப்புறம் லோ கியர்ல மெள்ள இழுங்க." இரும்புக் கம்பிக் கயிறு வேண்டாம், நைலான் பெல்ட்டே போதும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போடுங்கள், அறுந்தாலும் வேகம் குறையும். கயிற்றின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் ஒரு ஆளும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் சேர்த்துத்தான்.

முடிந்தவரை இரண்டு வண்டியாகப் போங்கள். ஒரே வண்டி என்றால் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் போன் செய்வோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சாயங்காலம் 4 மணிக்கு மேல் புதுப் பாதையில் நுழையாமல் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். இருட்டில் சிக்கினால் சின்ன வேலையும் பெரிய வேலையாகிவிடும்.

போகக் கூடாத இடங்கள்

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி ஓட்டுவது குற்றம். குதிரைமொழித் தேரி போன்ற தேரிக்காட்டின் பெரும்பகுதியும் காப்புக்காடுதான். கோயிலுக்கென்று எல்லோரும் போகும் தடத்தை விட்டு மணல்மேட்டில் ஏறிப் பார்க்க நினைக்காதீர்கள். சரணாலயங்களுக்கு 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கடற்கரை மணலில் ஓட்டவே வேண்டாம். தை முதல் பங்குனி வரை நம் கரையில் சிற்றாமைகள் முட்டையிடும் காலம். மணலுக்குள் இருக்கும் முட்டை மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, டயர் ஏறினால் எல்லாம் நசுங்கிவிடும். பட்டா நிலத்துப் பாதையென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விதைத்த நிலத்தின் ஓரத்தில் வண்டியைத் திருப்பினால் அந்தத் தடத்தில் இந்தப் போகம் எதுவும் முளைக்காது.

தார் ரோட்டுக்குத் திரும்பியதும்

காற்றை நிரப்பி, வால்வு மூடியை மாட்டுங்கள். வண்டிக்கு அடியில் காய்ந்த புல் சைலன்சரில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, குழாய் ஆறியதும் குச்சியால் எடுத்துவிடுங்கள். சூட்டில் அது தீப்பிடிக்கும். உயரமான காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாமல் இருப்பதும் இதற்காகத்தான்.

60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறினால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அலாய் சக்கரத்தின் உள்பக்கம் அப்பிய சேறுதான் காரணம். நான் முதல் தடவை வீல் அலைன்மெண்டுக்கே போய்விட்டேன், அங்கிருந்த பையன் ஒரு குச்சியை விட்டு ஒரு கிலோ கரிசலைச் சுரண்டி எடுத்தான். மறுநாள் வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது அடிப்பக்கத்தையும் சக்கரத்தின் உள்பக்கத்தையும் சொல்லிக் கழுவவையுங்கள். தேரிப் பயணத்துக்குப் பிறகு ஏர் பில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், சிவப்புத் தூசி கொட்டும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். பஞ்சர் கடையில் நான்கு டயரையும் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடைமுள் ஒன்று குத்தி முனை உடைந்து உள்ளே நின்றிருந்தால், சின்னக் குமிழி ஒன்று அந்த இடத்தில் மெல்ல ஊதிக்கொண்டிருக்கும்.